ஓரெழுத்து வித்தியாசம்

மட்டக்குளியில், காக்கைத்தீவுக் கரைக்கு இரண்டு சந்தி இந்தப் பக்கம்,
தகரக் கூரைக்குக் கீழே எட்டு வரிசை,
வரிசைக்குப் பதினான்கு கண்ணாடித் தொட்டி.
வெளிநாடு போகக் காத்திருக்கும் மீன்கள்.
நான் இரவு வேலை.

மீனும் இரவில் வேலை செய்யும்.
வாலடியில் நூலாய்த் தொங்குவது மட்டுமல்ல கழிவு.
மீன் பூக்களால் சுவாசிக்கும் என்றது
எங்கள் பள்ளிக்கூடப் புத்தகம்.
அந்தப் பூ வழியேதான் அமோனியாவும் வருகிறது
என்பது எந்தப் பக்கத்தில் இருந்ததோ
நினைவில்லை.

கடலில் அது கரைந்து போகும். கடல் பெரிது.
தொட்டிக்கு ஆள் வைக்க வேண்டும்.

ஆட்கள் வடிகட்டிக்குள் இருக்கிறார்கள்,
உடைந்த பவளக் கல்லில் பழுப்பாய்ப் படிந்து,
தொட்டால் வழுவழுவென்று.
ஒரு கூட்டம் அமோனியாவைத் தின்று
நைத்திரைற்று வைக்கும்.
இன்னொரு கூட்டம் அந்த நைத்திரைற்றைத் தின்று
நைத்திரேற்று வைக்கும்.
முன்னது கொல்லும், பின்னது பொறுக்கும்.
சாதாரணதரப் பரீட்சையில்
ரைக்கும் ரேக்கும் நடுவில்
எனக்கு இரண்டு புள்ளி போனது.
இங்கே ஒரு வரிசை போகும்.

போனது.
முதலாளியின் மகன் ஷிஹான்
என் லீவு நாளில் ஏழாம் வடிகட்டியைத் திறந்து
‘என்ன இவ்வளவு ஊத்தை’ என்று
குளோரின் மணக்கும் குழாய்த் தண்ணீரில்
தூரிகை போட்டுத் தேய்த்து வைத்தார்.
கல் பல்லைப் போல வெளுத்திருந்தது.
நான்காம் நாள் காலையில்
நாற்பத்தொரு மீனை வாளியில் எண்ணினேன்.
அவர் தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்தார்.
ஒரு மணமும் இல்லை, கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

பிறகு கரண்ட் பதின்மூன்று மணித்தியாலம் நின்ற நாட்கள்.
டீசல் வரிசையில் நின்ற லொறி
இரண்டு நாளாய்த் திரும்பவில்லை.
இரவு பதினொன்றுக்கு
ஜெனரேட்டர் ஒருமுறை இருமி அடங்கியது.
குமிழி நின்றது. அந்த அமைதியை நான் முன்பு கேட்டதேயில்லை.

மீன் சற்று நேரம் தாங்கும், மேலே வந்து வாய் பிளக்கும்.
கல்லில் இருப்பவர்களுக்கு மேலே வர வழியில்லை.
தண்ணீர் ஓடினால்தான் அவர்களுக்கு மூச்சு.
ஆகவே ஜக்கால் மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினேன்,
மொண்டு, ஊற்றி,
ஒரு வரிசை முடித்து அடுத்தது,
எட்டு முடிந்தால் மறுபடி ஒன்று.

காவல்காரர் பியதிலக்க டோர்ச் அடித்துப் பார்த்தார்.
யாருக்கு இந்தக் குளிப்பாட்டு என்று கேட்டார்.
பக்டீரியாவுக்கு.
‘விசபீஜவா?’
அவருடைய மொழியில் அதற்கு நஞ்சு விதை என்று அர்த்தம்.
முகக்கவசம் போட்டு இரண்டு வருடம் பயந்த மனிதர்.
நஞ்சைத் தின்னுற விதை, ஐயா, என்றேன்
எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில்.
சிரித்தார்.
போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.
தேநீர்க் கேத்தலைக் கழுவாமலே தூக்கி வந்தார்;
சாயம் படும் என்று திருப்பி அனுப்பினேன்.
வாளியோடு வந்தார்.

நாலு இருபதுக்கு வெளிச்சம் வந்தது.
சோதனைக் குழாய்களில் சொட்டு விட்டுப் பார்த்தேன்.
அமோனியா மஞ்சள், நல்லது.
நைத்திரைற்று நீலமாய் இருக்கவேண்டியது
ஐந்தாம் வரிசையில் லேசாய் ஊதா.
இரண்டாம் கூட்டத்தில் கொஞ்சப் பேர் போயிருக்கிறார்கள்.
யாரும் வாளியில் எண்ண மாட்டார்கள்.

ஆறு மணிக்குப் பொதி கட்டும் பெண்கள் வந்தார்கள்.
பைக்கு ஒரு மீன், ஒரு கோப்பைத் தண்ணீர், மீதி ஒட்சிசன்.
பைக்குள் ஆட்கள் இல்லை.
அதனால்தான் போகிற மீனுக்கு
இரண்டு நாளாய்ச் சாப்பாடு போடவில்லை.

கட்டுநாயக்க வான் புறப்படுமுன்
கோமாளி மீனொன்று பையின் மூலையில் நின்று
தன் பூவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.
ஷிஹான் வரும் நேரம்.
தூரிகையை எடுத்து
என் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.